மழை பொய்த்த ஆண்டும் மகளின் படிப்பும்

பருவமழை தவறினால் பயிர் கருகுகிறது. மாட்டுக்குத் தீவனம் கிடைப்பதில்லை. கிணற்றில் நீர்மட்டம் இறங்குகிறது. இவை பற்றி விவசாய அன்பர்கள் இந்தப் பகுதியில் பலமுறை படித்திருப்பீர்கள். அதே ஆண்டில், அதே வீட்டில், நான்காவதாக ஒரு நட்டமும் ஏற்படுகிறது. அந்த வீட்டுப் பெண் குழந்தை பள்ளியிலிருந்து நின்று விடுகிறாள். இதைப் பற்றி விவசாயப் பகுதியில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கிராமங்களில் விரிவாக்கப் பணி செய்தவன் என்ற முறையில், இதுவும் விவசாயத்தோடு சேர்ந்த விஷயமே என்று கருதுகிறேன். அப்படிக் கருதுவதற்கு எனக்கே வெகுநாள் ஆயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2017 ஜனவரியில் வறட்சிப் பாதிப்பைப் பார்வையிட இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதிப் பக்கம் சென்றிருந்தேன். ஒரு சிறு விவசாயியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படிவத்தை நிரப்பிக் கொண்டிருந்தேன். மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். இரண்டு ஏக்கர் நெல் முழங்கால் உயரத்திலேயே காய்ந்து விட்டது. ஓர் ஏக்கர் மிளகாயில் பாதிச் செடிகள் கூட நிலைக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். ஒன்பதாம் வகுப்பு படிப்பதாகச் சொன்னாள்.

"இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னிக்குத் தண்ணி லாரி வர்ற நாள் சார்" என்றாள்.

லாரி எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் அரை மணி நேரத்தில் போய்விடும். அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போய்விடுவதால் வீட்டில் குடத்தோடு காத்திருக்க ஓர் ஆள் வேண்டும். தம்பி பள்ளிக்குப் போயிருந்தான். என்னிடமிருந்த படிவத்தில் சாகுபடிப் பரப்பு, பாதிப்பு விழுக்காடு, கால்நடை எண்ணிக்கை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. இந்தப் பெண்ணின் பள்ளி நாட்களை எழுத ஒரு கட்டமும் இல்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த ஆண்டு அதே ஊருக்கு மானாவாரி நெல் செயல்விளக்கத் திடல் அமைக்கச் சென்றபோது, அவள் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலை விடுதியில் தங்கி வேலை செய்கிறாள் என்று தெரிந்தது.

மழையின் போக்கில் ஏற்பட்டுள்ள மாறுதல்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கிறது. இராமநாதபுரம் போன்ற கடலோர மாவட்டங்களில் இதன் பங்கு இன்னும் அதிகம். இந்த மூன்று மாதங்களில் மாநிலத்தின் சராசரி மழை சுமார் 440 மில்லிமீட்டர். 2016-ஆம் ஆண்டில் அது 62 சதவீதம் குறைந்து 168 மில்லிமீட்டர் அளவுக்கே பெய்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இதற்கு நேர்மாறாக, 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல ஊர்களுக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழை அது.

பூமியின் சராசரி வெப்பநிலை, ஆலைகள் பெருகுவதற்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால், ஒரு டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்துள்ளது. நிலக்கரி, பெட்ரோல் போன்றவற்றை எரிப்பதால் காற்றில் கரியமில வாயு சேர்ந்ததே இதற்கு முக்கியக் காரணம். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கிக் கொள்ளும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. இரண்டு மழைக்கு நடுவில் உள்ள வெயில் நாட்களில் மண்ணின் ஈரமும் விரைவில் ஆவியாகிறது. நெல் பூக்கும் சமயத்தில் 35 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் மகரந்தம் வலுவிழந்து பதர் மிகுதியாகிறது. ஒவ்வொரு வறட்சியும் ஒவ்வொரு புயலும் இதனால் மட்டுமே வந்தது என்று சொல்ல முடியாது. வறட்சி நம் முன்னோர்களுக்கும் தெரிந்ததுதான். மோசமான ஆண்டுகள் முன்பைவிட அடிக்கடி வருவதும், ஒன்றிலிருந்து எழுந்து நிற்பதற்குள் அடுத்தது வந்து விடுவதும்தான் சிறு விவசாயியை முடக்குகின்றன.

சுமை எந்த வழியாக மகளிடம் வந்து சேருகிறது?

முதல் வழி தண்ணீர். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வீட்டில் தண்ணீர் வசதியில்லாத பத்துக் குடும்பங்களில் ஏழில் பெண்களும் சிறுமிகளுமே தண்ணீர் சுமக்கின்றனர். இதை அறிந்துகொள்ள அறிக்கை தேவையில்லை, தெருக்குழாயில் வரிசையாக நிற்கும் குடங்களுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதே என்று கேட்கலாம். குழாய் இருப்பது வேறு, ஏப்ரல் மாதத்தில் அதில் தண்ணீர் வருவது வேறு.

நம் மாநிலத்தில் இந்தக் கால அட்டவணை பெண் குழந்தைகளுக்குப் பாதகமாகவே அமைந்துள்ளது. டிசம்பரில் மழை பொய்த்தது உறுதியாகிறது. பிப்ரவரியில் குடிநீருக்குத் தட்டுப்பாடு தொடங்குகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பொதுத்தேர்வு. அப்போதுதான் நாள் தவறாமல் பள்ளிக்குப் போக வேண்டும், அப்போதுதான் தண்ணீருக்கு அதிக நேரம் ஆகிறது. பெரும்பாலான பெண்கள் நடுவில் திடீரென்று நிற்பதில்லை. வாரத்துக்கு ஒரு நாள், பிறகு இரண்டு நாள் என்று விடுப்பு கூடுகிறது. பாடம் புரியாமல் போகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது, "படிப்பும் வரவில்லை, வீட்டிலும் ஆள் வேண்டும்" என்று நிறுத்தி விடுகிறோம். படிப்பு ஏன் வரவில்லை என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

மாதவிலக்கு நாட்களில் தண்ணீர்ப் பஞ்சம் இன்னும் கடுமையாகத் தாக்குகிறது. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்றால் வயது வந்த பெண் அந்த நாட்களில் பள்ளிக்குப் போக மாட்டாள். தந்தையர் இதை வெளிப்படையாகப் பேசுவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் செல்லும் பெற்றோர், கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது தீவனம். வைக்கோல் இல்லாத ஆண்டில் மாட்டையும் ஆட்டையும் தொலைதூரம் ஓட்டிச் சென்று மேய்க்கவும், புல் அறுத்து வரவும் ஆள் வேண்டும். மூன்றாவது கூலி. பெரியவர்கள் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ வெளியூர் போனால், தம்பி தங்கைகளையும் வயதானவர்களையும் பார்த்துக் கொள்ளும் பொறுப்பு பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் மேல் விழுகிறது. அல்லது அவளையே வேலைக்கு அனுப்புகிறோம். மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் திருமணத்துக்கு ஒரு மொத்தத் தொகை தருகிறோம் என்று கூறி, மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளுக்கு ஆள் சேர்க்கும் தரகர்கள், மழை பொய்த்த ஊர்களைத் தேடி வந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பயிர் விளைந்த ஊரில் அவர்களுக்கு அவ்வளவு வேலையில்லை.

நான்காவது திருமணம். "பஞ்ச காலத்தில் செலவில்லாமல் முடித்து விடலாம், ஒரு வயிறு குறையும்" என்ற எண்ணம் பெரியவர்களுக்கு வருகிறது. மாப்பிள்ளை வீட்டாரும் குறைந்த நகைக்கு ஒத்துக்கொள்வது அப்போதுதான். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவீதத்தினர் 18 வயது நிறையும் முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள். ஏறத்தாழ எட்டில் ஒருவர். அதே கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுள்ள நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை காணப்பட்டது. பற்றாக்குறைக் காலத்தில் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவள் தாய், அவளோடு மகள். இரத்தம் குறைந்த பதினாறு வயதுப் பெண் கருவுற்றால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. அந்தத் திருமணத்தால் மிச்சமான செலவு எவ்வளவு என்று கேட்டால், என்னால் நல்ல விடை சொல்ல முடியாது.

தென்னையின் கணக்கு

வறட்சியைப் போலவே புயலும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பல லட்சம் தென்னை மரங்களைச் சாய்த்தது. நெட்டை இரகக் கன்று ஒன்று நட்டுக் காய்ப்புக்கு வர 6 முதல் 7 ஆண்டுகள் ஆகும். ஒரு பெண் ஆறாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவும் அதே ஏழு ஆண்டுகள் ஆகும். அதாவது, தோப்பு விழுந்த ஆண்டில் ஆறாம் வகுப்பில் இருந்த பெண்ணின் பள்ளிப் படிப்பு முழுவதும் தென்னை வருமானம் இல்லாத காலத்திலேயே நடந்தாக வேண்டும். மரத்துக்குக் கிடைத்த நிவாரணத்தை வாங்கி வட்டிக் கடனுக்குக் கட்டியவர்கள் பலர். அந்த ஏழு ஆண்டுகளுக்கு ஊடுபயிராக உளுந்து, வாழை, தீவனப்புல் என்று திட்டமிட்டு வருமானம் கண்டவர்கள் வீட்டில் பிள்ளைகள் படிப்பைத் தொடர்ந்தார்கள். நான் பார்த்தவரையில் வித்தியாசம் இதில்தான் இருந்தது.

அந்தப் புயலின்போது தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பருவமடைந்த சிறுமி ஒருத்தியை வழக்கப்படி வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் தங்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் குடிசை மேல் விழுந்து அவள் இறந்து போனாள். மரத்தைச் சாய்த்தது காற்று. அவளை அந்த மரத்தடியில் படுக்க வைத்தது நம் வழக்கம். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் தீட்டு, விலக்கு என்று எதையும் பார்க்காமல் எல்லோரும் உறுதியான கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும். புயல் பாதுகாப்பு மையத்தில் பெண்களுக்குத் தனி இடமும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்று ஊராட்சித் தலைவரிடம் மழைக்காலம் தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள். தனி இடம் இல்லையென்ற காரணத்தால் வயது வந்த பெண்ணை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது ஆபத்தானது.

சட்டம் என்ன சொல்கிறது?

6 முதல் 14 வயது வரை கட்டணமில்லாக் கல்வி குழந்தையின் உரிமை. இது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலையில் அமர்த்துவதும், 18 வயது நிறையாதவர்களை அபாயகரமான தொழில்களில் அமர்த்துவதும் 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி குற்றம். பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்ப வேலையில் உதவுவதற்குத் தடையில்லை. ஆகவே மாலையில் மகள் ஆட்டுக்குத் தழை போடுவதைப் பற்றி யாரும் அஞ்ச வேண்டாம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்குத் திருமண வயது 18. இதை மீறி நடத்தி வைக்கும் பெரியவர்களுக்கே தண்டனை. கட்டாயக் கல்வி 14 வயதில் முடிகிறது, திருமண வயது 18-இல் தொடங்குகிறது. நடுவிலுள்ள நான்கு ஆண்டுகளில்தான், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, நம் பெண்கள் அதிகமாக நழுவுகிறார்கள்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டென்று தமிழ்நாடு 1989-லேயே இந்து வாரிசுச் சட்டத்தைத் திருத்தியது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது பொருந்தியது. வறட்சி நிவாரணம், பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன் ஆகிய எல்லாவற்றுக்கும் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். கணவன் வெளியூர் போனபின் அல்லது இறந்தபின் நிலத்தில் பாடுபடும் பெண்ணின் பெயரில் பட்டா இல்லையென்றால், பயிர் அழிந்தாலும் அவள் கைக்கு எளிதில் எதுவும் வராது.

பண்ணையிலும் வீட்டிலும் செய்யக்கூடியவை

முதலில் குடிநீர். வீட்டுக் கூரை மழைநீரைச் சேமிப்பதே மகளின் பள்ளி நாட்களை மீட்கும் எளிய வழி என்று எனக்குப் படுகிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 400 சதுர அடி ஓட்டுக் கூரை அல்லது தளம் என்றால் சுமார் 37 சதுர மீட்டர். 2016-ஐப் போல 168 மில்லிமீட்டர் மட்டுமே பெய்த ஆண்டிலும், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், ஏறக்குறைய 5,000 லிட்டர் சேரும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 30 லிட்டர் என்று வைத்தால் இது ஐந்தரை மாதத்துக்குக் காணும். ஜனவரியில் எடுக்கத் தொடங்கினால் தேர்வு முடிந்து பள்ளி திறக்கும் வரை வரும். பருவத்தின் முதல் மழையில் கூரையைக் கழுவி அந்த நீரை வெளியே விட்டுவிட வேண்டும். மணல், கரி, சரளைக்கல் அடுக்கிய வடிகட்டி வழியாகத் தொட்டிக்குள் விட வேண்டும். கொசு புகாமல் தொட்டியை இறுக மூடி வைத்து, குடிப்பதற்குக் காய்ச்சிப் பயன்படுத்தவும். தொட்டி கட்டச் செலவு பிடிக்கும்தான். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து கட்டலாம்.

அடுத்தது தீவனம். வீட்டுக்கு அருகில் 10 சென்ட் நிலத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கோ 5 நடுங்கள். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., கரணைக்குக் கரணை 50 செ.மீ. இடைவெளியில் 10 சென்டுக்குச் சுமார் 1,350 கரணைகள் தேவை. முதல் அறுவடை 75 முதல் 80 நாட்களில், அதன்பின் 45 நாட்களுக்கு ஒருமுறை. குளியல் நீரையும் சமையலறைக் கழிவு நீரையும் இதற்குத் திருப்பி விடலாம். பாசனமே இல்லாத இடத்தில் கொழுக்கட்டைப் புல்லை மானாவாரியாக விதைக்கலாம். வரப்பில் அகத்தி, சவுண்டல், கிளைரிசிடியா நட்டால் ஆட்டுத் தழைக்கு அலைய வேண்டியதில்லை. அதே கழிவு நீரில் நான்கு முருங்கையும் ஒரு கீரைப் பாத்தியும் இருக்கட்டும். அவற்றைச் சந்தைக்கு அனுப்பும் முன் வீட்டுப் பெண்களுக்குச் சமைத்துக் கொடுங்கள்.

மானாவாரி நெல்லுக்கு, வறட்சியைத் தாங்கும் அண்ணா 4 இரகம் ஏற்றது. வயது 100 முதல் 105 நாட்கள். விதைக்கும் முன் விதையைக் கடினப்படுத்துவது அவசியம். ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து, அதில் ஒரு கிலோ விதை என்ற அளவில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்க வேண்டும். தொடக்கத்தில் மழை இடைவெளி விட்டாலும் நாற்று தாக்குப் பிடிக்கும். நிலம் முழுவதையும் ஒரே பயிருக்கு ஒதுக்காமல், அரை ஏக்கரிலாவது குதிரைவாலியோ சாமையோ விதைத்தால் நெல் தவறிய ஆண்டிலும் வீட்டுச் சாப்பாட்டுக்குத் தானியம் இருக்கும். களை எடுப்புக்கும் மிளகாய்ப் பழம் பறிப்புக்கும் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. நெல்லை வரிசையாக விதைத்தால் களைக்கருவி ஓட்டலாம். பழம் பறிப்பை விடுமுறை நாளுக்குத் தள்ளினால் ஒன்றிரண்டு நாளில் மிளகாய் கெட்டு விடாது.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி செலுத்த வேண்டிய பங்கு, ராபி உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், காரீஃப் பயிர்களுக்கு 2 சதவீதம், மிளகாய் போன்ற தோட்டப் பயிர்களுக்கு 5 சதவீதம். இழப்பீடு உடனே கிடைப்பதில்லை, சில சமயம் அடுத்த சாகுபடிக்குப் பின்னரே வருகிறது. ஆகவே ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். மகளுக்குப் பத்து வயது நிறையுமுன் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கினால் ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும். நல்ல விளைச்சல் ஆண்டில் கூடுதலாகப் போடலாம். மழை பொய்த்த ஆண்டில் நினைத்தபடி எடுக்க முடியாது என்பதையே இதன் நன்மையாகக் கருதுகிறேன். 18 வயதானதும் மேற்படிப்புக்குப் பாதித் தொகை வரை எடுக்கலாம்.

ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவி வழங்கி வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. புதுமைப் பெண் என்று மக்கள் அறிந்தது இதுதான். 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சியிலோ சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குவதாக இது தொடங்கப்பட்டது. நடப்பு விதிகளைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்ட பெண்ணுக்கு இந்த வாசல் திறக்காது.

கமுதிப் பக்கத்துப் பெண் நூற்பாலையிலிருந்து இரண்டு ஆண்டுகளில் திரும்பி வந்தாள். சொன்ன மொத்தத் தொகை முழுவதும் கிடைக்கவில்லை என்று அவள் தந்தை கூறினார். இப்போது அவர் வீட்டுக் கூரையோரம் தகரத் தூம்பு போட்டு 3,000 லிட்டர் தொட்டி ஒன்று வைத்திருக்கிறார். அவளுடைய தங்கை சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினாள்.

பண்ணைக்குட்டை, தீவனக் கரணை, அண்ணா 4 விதை ஆகியவற்றுக்கு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகவும். பள்ளியிலிருந்து நின்ற பெண்ணை மீண்டும் சேர்க்கத் தலைமையாசிரியரைப் பார்க்கவும். குழந்தைத் திருமணம் அல்லது குழந்தைத் தொழில் பற்றித் தெரிவிக்க 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம்.